மேல் எது, கீழ் எது

துரைராஜ் கை பட்டால் வெட்டிப்போட்ட குச்சியும் துளிர்க்கும் என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியதே அவர்தான் என்பவர்களும் உண்டு. ஆனால் அது பொய் என்று எவரும் சொன்னதில்லை. வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளடங்கிய அந்தத் தெருவில் அவருடைய தகப்பனார் காலத்து நெல்வயல்களெல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்டன. மிஞ்சியது வீடும், வீட்டுக்குப் பின்னால் அரைக் கிரவுண்டு தோட்டமும். குடும்பத்தின் பழைய பெயர் அந்த அரைக் கிரவுண்டில்தான் இன்னும் பச்சையாக நிற்கிறது என்பது அவர் எண்ணம்.

ஒருமுறை வைத்தால் தலைமுறைக்கு நிற்கிற செடிகளைத்தான் வைப்பார். கத்தரி, வெண்டை என்று ஒரு பருவம் காய்த்துவிட்டுப் போகிறவற்றை, 'வாடகைக்கு வந்ததுங்க' என்று ஒதுக்கிவிடுவார். கார்த்திகை மழை ஓய்ந்ததும் குண்டுமல்லிக்குத் தண்ணீரை நிறுத்தி, மார்கழியில் மொட்டையாகக் கவாத்து செய்து, தை பிறந்த பிறகு எருவும் தண்ணீரும் காட்டுவார். பங்குனியில் தெருவே மணக்கும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர். செம்பருத்தியில் மாவுப்பூச்சி தெரிந்தால், வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பித் துடைப்பார். பக்கத்து வீட்டு அயூப் மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "சார், இந்தச் செடிங்களுக்கு நீங்க பண்ற சேவைல பாதி எங்க அத்தாவுக்கு நான் பண்ணியிருந்தா எனக்கு சொர்க்கம் கன்ஃபார்ம்" என்று கேலி செய்வார்.

அப்படிப்பட்ட தோட்டத்தில், ஈசானிய மூலையில், ஒரே ஒரு குச்சி மட்டும் காய்ந்து நின்றது.

அது மூத்த மகன் தினகரனின் கல்யாணத்து அரசாணிக்கால். மணவறைக்கு முன்னால் அரசங்கிளையோடு சேர்த்துக் கட்டுகிற கல்யாண முருங்கைக் கிளையை, கல்யாணம் முடிந்த மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவது அவர்கள் வழக்கம். அது துளிர்த்தால் வம்சம் துளிர்க்கும் என்பார்கள். கல்யாண முருங்கை அப்படியொன்றும் வீம்பு பிடிக்கிற மரம் அல்ல. வேலிக்கு நட்டால் வேலியிலேயே தழைக்கும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ, யாரும் ஏமாற வேண்டாம் என்று.

மூன்று வருஷத்துக்கு முன் அதை நட்டவர் துரைராஜ்தான். முனையிலிருந்து முனை வரை மஞ்சள் துணி சுற்றி, மஞ்சள் பூசி, இரண்டு பக்கமும் பூச்சரம் தொங்க, காரின் பின்சீட்டில் படுக்க வைத்து மண்டபத்திலிருந்து வந்த கிளை அது. போட்டோக்காரன் நிற்கிறான் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவர் குழிக்கு முன் நின்றார். அப்போதுதான் புது மருமகள் கீதா, கையில் தண்ணீர்ச் செம்போடு, வெகு சாதாரணமாகக் கேட்டாள்:

"மாமா, இதுல மேல் எது, கீழ் எதுன்னு எப்படித் தெரியும்?"

துரைராஜ் சிரித்தார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். "மேலு கீழு தெரியாத பொண்ணா பாத்து எடுத்துக்கினு வந்துருக்கோம்டா தினகரா" என்றார். அவருடைய அக்கா செல்லியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீதாவும் சிரித்தாள். அவர் கிளையை நட்டார். அவள் தண்ணீர் ஊற்றினாள்.

அன்று முதல் அது குடும்பத்தின் ஆஸ்தான வேடிக்கைக் கதையாகிவிட்டது. காதுகுத்து, கிரகப்பிரவேசம், எங்கே நாலு பேர் கூடினாலும் துரைராஜ் அதைச் சொல்லுவார். சொல்லச் சொல்லக் கதைக்குக் கை கால் முளைத்தது. கிளைதான் முளைக்கவில்லை.

கீதா தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், தவறாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். ஆடி வந்தது, ஐப்பசி மழை வந்தது, கிளை கறுத்தது. மங்கலப் பொருளைப் பிடுங்கக் கூடாது, துளிர்க்கும்வரை துணியையும் அவிழ்க்கக் கூடாது என்று துரைராஜ் சொல்லிவிட்டதால் அது அப்படியே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த செல்லியம்மாள், கொல்லைப் பக்கம் கை கழுவப் போனவள், திரும்பி வந்து கேட்டாள்.

"இன்னாடா தொரை, உன் கை ராசி இன்னா ஆச்சு? குச்சி அப்டியே கீதே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார்: "நட்ட கையில பழுது இல்லக்கா. ஊத்துற கை எப்படியோ, யார் கண்டா."

ரசம் கொண்டுவந்த கீதா வாசற்படியில் நின்றாள். பிறகு வந்து, அவருக்கு ரசம் ஊற்றிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தோட்டத்தில் எதையும் தொடவில்லை. இதை அவர் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தார். தாளிக்கக் கறிவேப்பிலை வேண்டுமென்றால்கூட, "அத்தை, ரெண்டு கொத்து பறிச்சுத் தரீங்களா" என்று மாமியார் சந்திரிகாவைத்தான் கேட்பாள். மல்லிகை உதிர்ந்து கிடந்தால் தாண்டிப் போவாள். அடுத்த வருஷம், ஆபீஸ் பக்கம் என்று சொல்லி, தினகரனும் அவளும் நாவலூரில் ஓர் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். குழந்தை இன்னும் இல்லை. சொந்தக்காரர்கள் குச்சியையும் அதையும் சேர்த்துப் பேசினார்கள். துரைராஜ் அந்தப் பேச்சைத் தடுக்கவில்லை. சந்திரிகாதான் ஒரு சங்குப்பூக் கொடியை எடுத்து அந்தக் குச்சிமேல் ஏற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைத்தாள்.

இப்போது இளையவன் முகிலனுக்குக் கல்யாணம். பெண் அனகாபுத்தூர். புது அரசாணிக்காலை நடும்போது முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் வீட்டின் மூத்த மருமகள். துரைராஜ் ஒருநாள் காலை, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சந்திரிகாவிடம் சொன்னார்: "இந்தத் தடவை அக்கா ஊத்தட்டும்."

"கீதா இருக்காளே."

"அதான் சொல்றேன்."

சந்திரிகா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். "பெரியவங்க ஊத்தினா நல்லதுன்னு மாமா நினைக்கிறாரும்மா" என்று அவள் சொல்வது கேட்டது. மறுமுனை என்ன சொன்னது என்று கேட்கவில்லை. பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், சம்பந்தி வீட்டார் மறுவீட்டு விருந்துக்கு வரும்போது அந்தக் காய்ந்த குச்சி கண்ணில் படக்கூடாது என்று, துரைராஜ் கடப்பாரையோடு ஈசானிய மூலைக்குப் போனார். ஒரு குடும்பத்தின் குறையை வந்தவர் போனவர் பார்க்க விடக்கூடாது. அதில் அவருக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. சங்குப்பூக் கொடியை அறுக்காமல் பக்குவமாக விலக்கி மதிலில் சாய்த்தார். குச்சி லேசாகவே வந்தது. நைந்துபோன மஞ்சள் துணி கையோடு உரிந்தது.

கண்ணாடி இன்று மூக்கில்தான் இருந்தது.

மேலே நின்ற முனை சாய்வாக, எழுதுகோல் சீவினது போல, ஒரே வெட்டாக வெட்டப்பட்டிருந்தது. மண்ணுக்குள் இருந்த முனை தட்டையாக இருந்தது. நடுவதற்குக் கிளைப் போத்து வெட்டுகிற எவனும் அடியைத்தான் சாய்வாக வெட்டுவான், மண்ணில் இறங்குவதற்கு. அவர் குச்சியைக் கையில் உருட்டினார். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் கணுவின் மொட்டு இருக்க வேண்டும். நின்றிருந்த வாக்கில் பிடித்தால் ஒவ்வொரு கணுவிலும் மொட்டு தழும்புக்குக் கீழே இருந்தது. தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். எல்லாம் சரியாக இருந்தது.

அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஏழு வயதில் தகப்பனார் பின்னால் வேலிக்குப் போத்து நடப் போனவர் அவர். மூன்று வருஷமாக, எந்தெந்த வீட்டில், யார் யார் முன்னால் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம் என்று மனசு தானாகவே எண்ணத் தொடங்கியது. அவளுடைய அப்பா அம்மா இருந்தபோதுகூட ஒருமுறை சொல்லியிருந்தார். அந்த மனிதர் மரியாதைக்காகச் சிரித்தார். அது நினைவுக்கு வந்ததும் துரைராஜுக்குக் காது சுட்டது.

"இன்னாங்க, வந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து சந்திரிகா கேட்டாள்.

"வந்துடுச்சு" என்றார். குச்சியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகினார். உடைத்து அடுப்பில் வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

கீதாவுக்கு எடுத்த பட்டுப்புடவையைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி, மறுநாள் ஆட்டோ வைத்துக்கொண்டு நாவலூர் போனார். அந்த வீட்டுக்கு அவர் போவது அதுதான் முதல் தடவை. மகன் தனியாகப் போன வீட்டில் கால் வைப்பது தன் மரியாதைக்குச் சரியல்ல என்று இருந்தவர். மேடவாக்கத்தில் நெரிசலில் நின்றபோதும், சோழிங்கநல்லூரில் திரும்பியபோதும் வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தார். எப்படிக் கோத்தாலும் ஒரு மாமனார் மருமகளிடம் சொல்லக்கூடிய வாக்கியமாக அது அமையவில்லை.

தினகரன் வேலைக்குப் போயிருந்தான். கீதா வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி போடப் போன நேரத்தில் அவர் பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தார். கால் வைக்க இடமில்லை. பெயின்ட் பக்கெட்டுகளில் முல்லை, கற்பூரவல்லி, நித்தியகல்யாணி. முல்லைக்குக் கவாத்து செய்த வெட்டுகள் சுத்தமாக இருந்தன. மூலையில் இடுப்பு உயரக் கறிவேப்பிலை, நுனி கிள்ளிக் கிள்ளிக் குடையாக அடர்ந்திருந்தது.

"இதெல்லாம் யாரும்மா வெச்சது?"

"நான்தான் மாமா."

"நம்ம வீட்டுல நீ ஒரு செடியையும் தொட்டதில்லையே."

காப்பியை அவர் கையில் கொடுத்தாள். "இங்க எது பட்டுப்போனாலும் கேக்க ஆள் இல்ல மாமா. அதான் தைரியமா வெச்சேன்." தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று சொல்வது போல அதைச் சொன்னாள்.

தொண்டை வரை வந்த பேச்சு காப்பியோடு உள்ளே போய்விட்டது. லிஃப்ட் வரை கூட வந்தவள், கதவு திறக்கக் காத்திருந்தபோது, "பெரியத்தை தண்ணி ஊத்துறாங்கன்னு அத்தை சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. நல்லபடியா துளிர்த்தா போதும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். லிஃப்ட்டின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

வழியெல்லாம் யோசித்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். எதையும் சொல்ல வேண்டியதில்லை. நடுகிற அன்று, எல்லோர் முன்னாலும், கீதாவைக் கூப்பிட்டு, மேல் எது கீழ் எது என்று அவளிடம் தானே கேட்பது. அவள் சொல்லுவாள். அதன்படி நட்டுவிட்டு, தண்ணீரையும் அவளையே ஊற்றச் சொல்வது. புரிய வேண்டியவளுக்குப் புரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது என்ன இருக்கிறது? குடும்பத்தின் மானமும் கெடாது, பெண்ணின் மனக்குறையும் தீரும். அந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது.

கல்யாணம் நல்லபடி நடந்தது. மறுநாள் தோட்டத்தில் சம்பந்தி வீட்டார் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். புதுப்பெண் கூச்சத்தோடு முகிலன் பக்கத்தில் நின்றாள். செல்லியம்மாள் தண்ணீர்ச் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். கீதா பின்னால், செருப்புகள் கிடந்த இடத்தருகே, யாருடைய குழந்தையையோ தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். துரைராஜ் மஞ்சள் துணி சுற்றிய கிளையைக் கையில் எடுத்து, கணீரென்று கூப்பிட்டார்:

"கீதா, இங்க வாம்மா. இதுல மேல் எது, கீழ் எது, நீ சொல்லு."

அதற்குள் செல்லியம்மாள் ஆரம்பித்தாள்.

"ஐயோ, இவன் இருக்கானே. சம்பந்தி அம்மா, இந்தக் கதை உங்களுக்குத் தெரியாதில்ல? எங்க மூத்த மருமவ இருக்காளே, கல்யாணம் ஆன மறுநாளு இன்னா கேட்டா தெரியுமா..."

அவள் முழுவதும் சொன்னாள். துரைராஜ் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னாள். சம்பந்திகள் சிரித்தார்கள். புதுப்பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். மதிலுக்கு மேலே அயூப்பின் தலை சிரித்தது. முன்னால் வர ஓர் அடி எடுத்து வைத்திருந்த கீதா அங்கேயே நின்றுவிட்டாள். சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. துரைராஜை ஒருமுறை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. கோபம்கூட இல்லை. 'இன்றைக்கும் இதுதானா' என்று கேட்கிற பார்வை.

அவர் கையிலிருந்த கிளை கனத்தது. மரியாதையோடு தப்பிக்கப் பார்த்த ஏற்பாடு அவளைத்தான் இன்னொரு சபையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

கிளையை முகிலன் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். பழைய குச்சியோடு திரும்பி வந்தார். அடுத்த வேடிக்கை என்று நினைத்துச் சிலர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றார். மேல்துண்டு தோளிலிருந்து நழுவியதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"சம்பந்தி, இது மூத்தவன் கல்யாணத்துக் கால். இத பாருங்க. சாய்வா வெட்டினது அடி. மூணு வருஷமா அது ஆகாசத்தைப் பாத்துக்கினு இருந்துது."

செல்லியம்மாள்தான் முந்திக்கொண்டாள். "எவனாவது டெகரேஷன்காரன் மாத்திக் கட்டியிருப்பான்டா. இப்ப எதுக்கு அதெல்லாம்? விடு."

"நட்டது நான்க்கா. அவ கேட்டா. கேட்டப்ப நான் துணியை விலக்கிப் பாத்திருக்கணும். சிரிச்சேன். அது காய்ஞ்சப்போ, ஊத்துன கைன்னு சொன்னேன். இதே வீட்ல, சோறு துன்னுக்கினு."

அவர் அங்கே நிறுத்தினார். சம்பந்தி தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். தினகரன் தரையைப் பார்த்தான். ஒரு வீட்டின் பெரியவர் இப்படித் தன் தலையைத் தானே தாழ்த்திக்கொள்வதைப் பார்ப்பது வந்தவர்களுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. மதிலுக்கு மேலிருந்த தலையைக் காணோம். அயூப் விவரம் தெரிந்த மனுஷர்.

சந்திரிகா போய், செல்லியம்மாள் இடுப்பிலிருந்த செம்பை வாங்கினாள். குழந்தையை வாங்கிக்கொண்டு செம்பைக் கீதாவின் கையில் கொடுத்தாள்.

கீதா வந்தாள். முகிலன் கையிலிருந்த கிளையின் துணியை விலக்கி, விரலால் கணுவைத் தடவி, ஒரு முனையைத் தொட்டாள். "இது மேல்" என்றாள். துரைராஜ் குனிந்து நட்டார். மண்ணை மிதித்து இறுக்கினார். அவள் ஊற்றினாள். மண் குடிக்கக் குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, அவசரப்படாமல் ஊற்றினாள். குனிந்திருந்த அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்:

"இதுவும் துளிர்க்கலேன்னா மாமா?"

துளிர்க்கும் என்று சொல்ல வாயெடுத்தார். அதைச் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது. கை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

விருந்து முடிந்து சம்பந்திகள் விடைபெறும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கும்பிட்டார்கள். அதுவும் அவருக்கு உறைத்தது. செல்லியம்மாள் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோ ஏறிவிட்டாள். சாயங்காலம் அவர் தோட்டத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. கீதாவின் குரல் கேட்டது.

"அத்தை, ரெண்டு கொத்து கறிவேப்பிலை பறிச்சுத் தரீங்களா?"

சமையலறையின் பின்வாசலிலிருந்து செடி கைக்கெட்டும் தூரம்தான்.

சந்திரிகா வருவதற்கு முன் துரைராஜ் எழுந்தார். செடி வளையாமல் நுனியோடு இரண்டு கொத்து கிள்ளினார். குழாயடியில் கழுவினார். சமையலறைக்குள் அவர் எதற்காகவும் போனவரல்ல. வாசற்படியில் நின்று, தொண்டையைச் செருமினார்.

கீதா அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அங்க மேடைல வெச்சுடுங்க மாமா" என்றாள்.

அவர் உள்ளே போய், வைத்துவிட்டு வந்தார்.